விடிவதற்கு முன் அளக்க வேண்டிய ஏரிகள்

சென்னையின் தென்புறநகரில் உள்ள செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலம் மட்டுமே. ஆனால் அதற்குள் எத்தகைய தண்ணீர் வந்து சேரும் என்பது மேலேயுள்ள ஏரிகளின் கையில் இருக்கிறது. ஆகவே எங்கள் பகுதி நண்பர்கள் நீர்நிலைகளைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, ஒரே ஏரியைச் சுற்றி வராமல், ஓர் ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலும் அடுத்த ஏரிக்குள் நீர் நுழையும் இடத்திலும் அளப்பது என்று முடிவு செய்தோம். இவ்விரண்டுக்கும் இடையே நீர் கெட்டிருந்தால் கால்வாயில்தான் கழிவுநீர் கலக்கிறது. பிறகு கரையோடு நடந்து பார்த்தால் போதும்.

நீரின் தெளிவை அளக்க, கறுப்பு வெள்ளை பூசிய வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகிறோம். பாசி மண்டிய ஏரியில் அது ஒரு சாண் இறங்குவதற்குள் மறைந்துவிடுகிறது. கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பச்சைப்பசேலென்ற ஏரியில் பகல் முழுவதும் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதால், பிற்பகலில் அளப்பவருக்கு அது நல்ல நீராகவே தோன்றும். இரவில் அதே பாசியும் அடிச்சேற்று நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, விடிவதற்குச் சற்று முன் அளவு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. மீன்களுக்கும் காட்டுயிர்களுக்கும் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. மாலையில் தேறும் ஏரி விடியலில் தோற்றுப்போகக்கூடும். "மீன் மேல வந்து வாயப் பொளக்குறதப் பாக்கணும்னா, சூரியன் வர்றதுக்கு முந்தி வாங்க தம்பி" என்று வலை வீசும் பெரியவர் ஒருவர் சொன்னதும் இதைத்தான். அலுவலக நேரத்தில் வந்துபோகிறவர்களுக்கு இது எட்டாது. கரையில் குடியிருப்பவர்களுக்கு எட்டும். மக்கள் கண்காணிப்புக்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பறவைகளை எண்ணுவதற்கு ஆர்வலர்கள் ஏராளம். சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆழமான நீரில் முக்குளிப்பான் இருக்கும். வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் வந்துவிடும். மதகருகே நட்ட அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தையும் பட்டியலோடு எழுதாவிட்டால், உள்ளான்கள் குறைந்தது ஏரியின் கேட்டினாலா, மழையின் மிகுதியினாலா என்று பிரித்தறிய முடியாது.

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலத்தின் எல்லையோடு அதன் செல்வாக்கு மண்டலத்தையும், அதாவது எங்கே நடப்பவை ஈரநிலத்தைப் பாதிக்குமோ அந்த வடிநிலப் பகுதியையும், வரையறுக்கச் சொல்கின்றன. செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி அதை வரைந்தால், சாலைக்கடியில் குழாயாகிப்போன கால்வாய்கள் விடுபட்டுவிடும். வடகிழக்குப் பருவமழையின் கனமழை நாட்களில் எந்தத் தெருவில் நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று தேதியிட்டு எழுதிய எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அவை இருக்கின்றன. அந்தப் பக்கங்களின் நகலை மனுவோடு இணைத்து, பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்திருக்கிறோம்.