டாக்டர் தேடிய ஒன்பதாவது வார அளவு

மசக்கையில் துவண்டு கிடந்த என்னை ஒன்பதாவது வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனது என் அம்மாதான். கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் பிக்மி எண் வாங்கினோம். அன்றைய பிரஷர் 122/78 என்று அட்டையில் ஏறியது. இருபதாவது வாரம் அது 100/62. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தூணைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். "ரத்தம் பத்தல, பீட்ரூட் சாப்பிடும்மா" என்றார் அத்தை. ஹீமோகுளோபின் 11.4 இருந்தது, ரத்தக்குறைவு இல்லை.

புரோஜெஸ்டிரோன், ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன, அதனால் நடு மாதங்களில் பிரஷர் இறங்கும் என்று டாக்டர் விளக்கினார். அதை ஈடுகட்ட உடம்பு ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் கூட்டி, உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை பெருகும். குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினும் கூடத்தான் செய்யும். ஆனால் கர்ப்பிணியின் குழாய்கள் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. கடைசி மாதங்களில் அளவு மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பும்.

எனக்கு அந்த இடத்தில் நிற்கவில்லை. வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் 33-வது வாரம் மணிக்கட்டில் பதிந்து தடமாகிவிட்டன. முகமும் உப்பியிருந்தது. பிரஷர் 148/96. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 146/94. "யூரின்ல உப்பு போகுது" என்றார் லேபில். அன்றிரவு வீட்டில் உப்பில்லாத கஞ்சி வந்தது. அது சாப்பாட்டு உப்பில்லை, ஆல்புமின் என்ற புரதம் என்று மறுநாள்தான் எல்லோருக்கும் புரிந்தது. பாவம் அத்தை, அவர் ஊறுகாய் ஜாடியைக்கூட ஒளித்துவைத்திருந்தார்.

டாக்டர் முதலில் தேடியது அந்த ஒன்பதாவது வார அளவைத்தான். இருபது வாரத்துக்கு முன்பே கூடுதலாக இருந்தால் பழைய ரத்தக்கொதிப்பு. இல்லையென்றால் இந்தக் கர்ப்பத்தில் வந்தது. ஐந்தாம் மாதம்தான் முதல்முறை போயிருந்தால், ஹார்மோன் இறக்கிவைத்த 100/62-ஐத்தான் என் இயல்பான அளவு என்று எடுத்திருப்பார்கள். பழைய கொதிப்பு இருந்திருந்தாலும் அது மறைந்துபோயிருக்கும்.

எனக்கு வந்தது பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, யூரினில் புரதமும் போகும் நோய். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் சில புரதங்கள் ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்க, ஆஞ்சியோடென்சினுக்கு மசியாமல் இருந்த அந்தக் காப்பும் போய்விடுகிறதாம். பிரஷரைக் குறைக்க லேபெட்டலால் மாத்திரை, வாரம் இருமுறை பிளேட்லெட், கல்லீரல் பரிசோதனை. தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் வரச் சொன்னார்கள். 37-வது வாரம் வலி வரவழைத்துப் பிரசவம். பெண் குழந்தை, 2.4 கிலோ.

நஞ்சுக்கொடி வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் 152/100. பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பிரஷர் ஏறுவது உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. மாத்திரை ஆறு வாரம் தொடர்ந்தது.

அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த குழந்தை என்றால் 12-வது வாரத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும், நாள் தள்ளியதும் அட்டையோடு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.