கொழுந்து போகும் வழி: தரம் 7 புவியியல் நாட்குறிப்பு

ஜூன் 10, திங்கள்

உலகக் கலாசாரங்கள் என்றதும் பிள்ளைகள் கலர் பென்சிலை எடுத்துவிட்டார்கள். இந்தப் பாடம் என்றால் கொடி வரைவது என்று பழகிப்போயிற்று. கொடியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அழகாக நிறம் தீட்டிய பிள்ளைக்கும் அந்த நாட்டில் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியாது. ஆகவே, வீட்டில் எடுக்கிற தேயிலைக் கொழுந்து கடைசியில் யார் கோப்பைக்குப் போகிறது என்று கேட்டேன். "லண்டன்!" என்றது வகுப்பே. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவை நம் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகள் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார்கள். சுவர்ப் படத்தில் ஹற்றனிலிருந்து கொழும்புத் துறைமுகம் வழியாக நூல் இழுத்தோம். பாக்தாத்தில் ஊசி குத்த அடிபிடி.

ஜூன் 11, செவ்வாய்

வாங்கியவர்கள் எப்படிக் குடிக்கிறார்கள்? துருக்கியில் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கிளாஸ், பால் கிடையாது. கருங்கடல் ஓரம் ரிசே பக்கத்தில் அவர்களுக்கே தேயிலை மலைகள் உண்டு என்பது பிள்ளைகளுக்குப் புதினம். மொரோக்கோவில் பச்சைத் தேயிலையோடு புதினா, உயரத் தூக்கி ஊற்றுவார்கள். ஈரானில் சீனிக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உறிஞ்சுவார்கள் என்றபோது பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "எங்க தாத்தாவும் அப்டித்தான் டீச்சர்! கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டே சாயத்தண்ணி குடிப்பாரு."

நான் கொண்டுபோன கற்கண்டு, செய்து பார்க்கும் முன்பே பாதி தீர்ந்துவிட்டது.

ஜூன் 12, புதன்

மழை. நிழல் அளக்க வைத்திருந்த கம்பு மூலையில் கிடந்தது. மத்திய கோட்டுக்குப் பக்கத்து நாடுகள் வெப்பமானவை என்று வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை, தன் சுவெட்டரைப் பிடித்துக் காட்டி, "அப்ப இது எதுக்கு டீச்சர்?" என்றாள். இதைவிட நல்ல கேள்வி இந்தத் தவணையில் வரவில்லை. 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குளிரும். நுவரெலியா 1868 மீற்றர். மத்திய கோட்டை ஒட்டியே இருக்கும், ஈக்குவடோர் நாட்டின் கீற்றோ நகரம் 2850 மீற்றர்; அங்கேயும் சுவெட்டர்தான்.

ஜூன் 13, வியாழன்

அட்டைக் கடிகாரம் செய்தோம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்குக்கு உரியது, குவைத்தின் நேரம் 45 பாகைக்கு. கழித்து, 15ஆல் வகுக்கச் சொன்னேன். தாய் குவைத்தில் வேலை செய்யும் பிள்ளை பேனையைத் தொடவே இல்லை. "ரெண்டரை மணித்தியாலம். இங்க ராவு ஒம்பதுன்னா அங்க ஆறரை. அப்பதான் அம்மா கோல் எடுப்பாங்க." மற்றவர்களின் கணக்கைத் திருத்தும் வேலையை அவளிடமே கொடுத்தேன். ஈவிரக்கமில்லாமல் திருத்தினாள்.

ஜூன் 14, வெள்ளி

ஒருவழியாக வெயில். உச்சிப்பொழுதில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஹற்றன் பக்கம் இந்த நாட்களில் உச்சிப்பொழுது மணிக்கூட்டில் 12.08க்கு. ஒரு மீற்றர் கம்புக்கு 30 சென்ரிமீற்றர் அளவில் நிழல், அதுவும் தெற்கே. சூரியன் இப்போது கடகக் கோட்டை அண்டி, நமக்கு வடக்கே நிற்கிறது. லண்டனில் ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கேதான். டிசம்பரில் நமக்கும் வடக்கே விழுமா, இதைவிட நீளுமா என்று இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. விடை சொல்ல மறுத்துவிட்டேன். தோட்டத்து லய வீட்டு வாசலில் அளந்து வரட்டும்.