புதுப் பெயிண்டைச் சுரண்டிய கதை

பெயிண்ட் முடிந்து வண்டி டிரெய்லரில் வீடு வந்த அன்று, முக்கால்வாசி வேலை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். 1972-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் செய்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார். கதவுகளுக்குக் கீழே ஓடும், துருப்பிடித்த சில் இரண்டையும் வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டு வைத்தாயிற்று. 1798 சி.சி. இன்ஜினைப் பிரித்துக் கோத்தாயிற்று. நிறம் டீல் ப்ளூ. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பணம் கட்டி வாங்கிய, வண்டியின் ஆலைப் பதிவுச் சான்றிதழிலும் அந்த நிறம்தான் இருந்தது. கோவென்ட்ரியில் எங்கள் வீட்டு கராஜில், ஒற்றை ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது நின்ற அழகைப் பார்க்க அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து போனேன்.

இனி மாட்டுகிற வேலைதானே! அந்த "தானே" பதினோரு மாதம் இழுத்தது.

முதலில் சீட் பெல்ட் போல்ட். இரண்டு சுற்றுக்கு மேல் உள்ளே போகவில்லை, மரைக்குள் முழுக்கப் பெயிண்ட். வண்டி முழுக்க இதே கதை. எல்லாம் அங்குலக் கணக்கில் யு.என்.எஃப். என்கிற நெருக்கமான மரை. நம்மிடம் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அந்த 0.3 ஆட்டத்தில் இறுக்கிப் பிடித்தால் மூலை மழுங்கிவிடும். எனக்கு இரண்டு மழுங்கிய பிறகுதான் அங்குல செட் ஒன்று வாங்கினேன், கூடவே மரை சுத்தம் செய்ய டேப் என்கிற மரை வெட்டும் கருவியும். ஓட்டை ஓட்டையாக டேப் விட்டு, நீலத் தூளை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அவ்வளவு காசு குடுத்து அடிச்ச பெயிண்டை நீங்களே சுரண்டுறீங்களே?"

அவளுக்கு அப்போது ஒரு நீண்ட விளக்கம் சொன்னேன். அடுத்த மாதங்களில் நான் செய்யப்போவது பெரும்பாலும் அந்தச் சுரண்டல்தான் என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

ஹீட்டர் பெட்டியை முதலில் மாட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது. அதைச் சரியாகச் செய்தேன். ஆனால் மீட்டர்களெல்லாம் வரிசையாக நிற்பதைப் பார்க்கும் ஆசையில் டேஷ்போர்டை முன்கண்ணாடிக்கு முன்னாலேயே மாட்டிவிட்டேன். ரோட்ஸ்டரில் முன்கண்ணாடி தனிச் சட்டம். அதன் இரண்டு கால்களும் பாடிக்குள் இறங்கும், பிடிக்கிற போல்ட்டுகள் டேஷ்போர்டின் இரு ஓரத்துக்கும் பின்னால் இருக்கின்றன. கை நுழைய வழியில்லை. மூன்று நாள் வேலையை ஒரே சாயங்காலத்தில் கழற்றினேன்.

டேஷ்போர்டு போனதும் சுலபமாகிவிடும் என்றால், அதுவும் இல்லை. சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே வரும் ரப்பர் புதிது, முரட்டுத்தனமாக நிற்கிறது. காலை இறக்கினால் ஓட்டைக்கு ஓட்டை அரை விரற்கடை மேலேயே நிற்கும். நானும் என் நண்பரும் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடி விரிசல் விடுமோ என்று பயந்து பயந்து அமுக்கினோம். கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய போல்ட். அதன் நுனியைப் பென்சில் மாதிரி கூராக ராவி, ஓரமாகத் தெரிந்த பிறைநிலா அளவு ஓட்டைக்குள் செருகித் திருகினேன். கூர் உள்ளே போகப் போகக் கால் தானே கீழே இறங்கியது. பக்கத்து ஓட்டையில் நிஜ போல்ட்டைப் போட்டு, பிறகு கூர் போல்ட்டை எடுத்து அதற்கும் நிஜத்தைப் போட்டோம். ஒரு பக்கம் முடிய இரண்டரை மணி நேரம். மறுபக்கம் இருபது நிமிடம்!

வயரிங்தான் எனக்குப் பிடித்த வேலை. இந்த வண்டிகளின் மின்சாமான்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் வயர் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே பியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். அடிக்கடி பழுதாகும் என்று லூகாஸைக் கிண்டல் செய்யாத பழைய வண்டிக்காரர் இங்கே இல்லை. நான் அந்தக் கட்சியில் இல்லை. படத்தைப் பார்த்து ஒரே நாளில் புது ஹார்னஸை (வயர் கட்டை) இழுத்து மாட்டினேன். ராத்திரி பாட்டரி கொடுத்து இடது இண்டிகேட்டரைப் போட்டால், பின்னால் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டுகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் செத்துப்போகிறது.

லூகாஸுக்கு இதில் பங்கில்லை. பின்விளக்குக்குத் தனி எர்த் வயர் கிடையாது. மாட்டுகிற திருகு வழியாகப் பாடித் தகரத்துக்குப் போவதுதான் எர்த். அங்கே இருந்ததோ பளபளவென்று பெயிண்ட். வழி அடைபட்ட கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு தேடுகிறது. உப்புத்தாளை எடுத்தேன். ஓட்டையைச் சுற்றிக் காலணா அகலத்துக்குத் தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு, மேலே கொஞ்சம் வாஸ்லின். இண்டிகேட்டர் சுத்தமாக அடித்தது. பிறகு ஹாரன், ஹெட்லைட், இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் தடித்த எர்த் பட்டை என்று எல்லா இடத்திலும் அதே சுரண்டல்.

இன்ஜினை உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஆயில் மீட்டர் முள் எழும்வரை செல்ஃப் அடித்தேன். காய்ந்த பேரிங்கோடு ஓடவிட எனக்குத் துணிவில்லை. அப்புறம் பெட்ரோல். எஸ்.யு. மின்பம்ப் வலது பின்சக்கரத்துப் பக்கம் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைய நிறைய மெதுவாகி நின்றுவிட வேண்டும். என்னுடையது நிற்கவே இல்லை. முன் கார்புரேட்டரின் வழிகுழாயில் பெட்ரோல் சொட்டுகிறது, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற மிதவை ஊசி சிக்கியிருக்கிறது. சாவியை அணைத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டி மறுபடி போட்டேன். டக்... டக்... டக்கென்று நின்றது. ஸ்டார்ட் பண்ணினால் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிப்யூட்டரை நேர் எதிராக வைத்திருக்கிறேன்! ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும், நான் பிடித்தது தப்பான உச்சி. வயர்களை மாற்றி 1-3-4-2 வரிசையில் வைத்ததும் பிடித்துக்கொண்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

கம்பிச் சக்கரத்தின் நடு நட்டை மட்டும் யாரும் அசட்டையாக மாட்டாதீர்கள். இடப்பக்கத்துக்கு வலமரை, வலப்பக்கத்துக்கு இடமரை. சக்கரம் முன்னே உருளும் திசைக்கு எதிராகத் திருப்பினால் இறுகும், அதனால் ஓட்டத்தில் தானாகக் கழலாது. சக்கரம் உட்காரும் ஹப்பைப் பக்கம் மாற்றிப் போட்டால் கதை தலைகீழ். செம்புச் சுத்தியலால் அடித்து, முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி அடித்துப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் ஏறிக்கொண்டது.

40 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு இங்கே எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை 2018-லிருந்து கட்டாயமில்லை. இருந்தாலும் கொண்டுபோனேன். நானே மாட்டிய பிரேக்கை இன்னொருவர் கண் பார்க்கட்டும் என்றுதான். ஹேண்ட்பிரேக் தளர்வு என்றார்கள். கேபிளை இறுக்கிக் கொடுத்ததும் சரி.

ஹூட், அதாவது மடக்குக் கூரை, இன்னும் மாட்டவில்லை. வினைல் குளிரில் இழுபடாது. ஒரு நல்ல வெயில் நாளில், துணியைப் புல்தரையில் விரித்துச் சூடேறவிட்டு இழுக்க வேண்டுமாம். நடைவழியில் சுருட்டி வைத்திருக்கிறேன். மூன்று சனிக்கிழமையாக மழை.