அடிக்குறிப்பில் போன லாரிகள்

நகராட்சிக் குப்பை லாரிகளின் டீசல் லாக் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் டெப்போக்காரர் கேட்டார்: "லாரியைக் காண்டிராக்டுக்குக் கொடுத்துட்டா புகை குறைஞ்சிடுமா சார்?" சிரித்து வைத்தேன். பதில் சொன்னதாக நினைவில்லை.

அதற்கு முன்பு அவர் கேட்ட கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லியிருந்தேன். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடை வராதே, எரித்தால் எப்படி ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்றார். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். அன்று எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களை வைத்து இருவருமாக லிட்டர்களைக் கூட்டினோம். எது 1, எது 7 என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

நகராட்சி தன் உமிழ்வை, அதாவது தன் வேலைகளால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களை, கணக்கிடும்போது, சொந்த வண்டி எரிக்கும் டீசல் முதல் வகை. வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. பிறர் நமக்காகச் செய்யும் வேலையில் வருவது மூன்றாம் வகை. அதைக் காட்டாமலும் விடலாம், நாங்கள் விட்டோம். குப்பை லாரிகள் ஒப்பந்ததாரரிடம் போனதும் வரைபடத்தில் வண்டி எரிபொருள் கோடு மளமளவென்று இறங்கியது. லாரி அதேதான், ஓடும் தெருவும் அதேதான்.

உமிழ்வைக் கணக்கிடும் சர்வதேச வழிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகாலில் இதற்கு விதி இருக்கிறது. மூன்றாம் வகையைக் காட்டாதவர்கள், வெளியே கொடுத்த வேலையை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அடிப்படை ஆண்டுக் கணக்கிலிருந்தும் கழித்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் கழித்தால் குறைந்தது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். எனக்கு இது தெரியும். கூட்டத்தில் அதிகாரி, "பரவாயில்லையே, நல்லா குறைஞ்சிருக்கே" என்றார். "ஆமாம் சார், லாரிங்க வெளியே போனதால..." என்று இழுத்தேன். "அதை அடிக்குறிப்புல போட்டுடுங்க." சரி என்றேன்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அந்தக் கோட்டைப் பார்த்த உற்சாகத்தில்தான் தெருவிளக்குகளை எல்இடி ஆக்கவும், கழிவுநீர் நிலையத்தில் காற்றூட்டும் மோட்டார்களை மாற்றவும் ஒப்புதல் கிடைத்தது. கோடு இறங்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? ஒருவேளை, 'ஒன்றுமே குறையவில்லையே' என்று பதறி இன்னும் அதிகம் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

லாரிப் புகை அப்படியொன்றும் பெரிதில்லை என்றும் சொல்லிக்கொள்வேன். குப்பைக் கிடங்கிலிருந்து கிளம்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். அதன் முன்னால் லாரி எம்மாத்திரம்? எம்மாத்திரம் என்றால், அதைக் குறைத்துவிட்டதாகப் படம் போட்டது ஏன்? இந்த இடத்தில் வந்து ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

அடிக்குறிப்பு அச்சானது. கண்ணாடி போட்டுக்கொண்டால் படிக்கலாம்.

இப்போது லாக் புத்தகங்கள் எங்களுக்கு வருவதில்லை. டீசல் கணக்கைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அதன் வரைவு என் மேசைக்கும் வந்துதான் போனது.