மழை நடந்துபோன வாக்கியம்: என் மூன்று மாத நோட்டு

அக்கா பெண் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் கோச்சிங் போய்வருகிறாள். அவள் வைத்துவிட்டுப் போன மாதிரித் தாளைப் பொழுதுபோகாமல் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், அதில் ஆரம்பித்தது. இங்கிலீஷ் வாக்கியத்தில் தப்பு எங்கே என்று கேட்கும் 20 கேள்வியில் எனக்குச் சரியாக வந்தது 8. உரக்கடையில் 20 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், கம்பெனிக்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதமெல்லாம் போட்டிருக்கிறேன், எட்டு என்றதும் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸில், அதாவது வங்கி அதிகாரி வேலைக்கான தேர்வின் முதல் கட்டத்தில், இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிடம், தப்பாகப் போட்டால் கால் மார்க் போய்விடும். அந்த அவசரமெல்லாம் அவளுக்கு. தேர்வு வயது தாண்டிய நான் ஒரே வாக்கியத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கலாம்.

முதல் மாதம் விதிகளை மனப்பாடம் செய்தேன், வீண் வேலை. விதி ஞாபகம் இருக்கிறது, தப்பு கண்ணில் படமாட்டேன் என்கிறது. அப்புறம் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் நான் கோட்டைவிட்ட வாக்கியம், வலது பக்கம் அதையே வீட்டில் தமிழில் எப்படிச் சொல்வேனோ அது என்று எழுத ஆரம்பித்தேன். பிடி அங்கேதான் கிடைத்தது.

'தி ஸ்டாக் ஆஃப் பேடி பேக்ஸ் ஹேவ் கம் டவுன்.' எனக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பேக்ஸ் பன்மை, ஹேவ் பன்மை, காதுக்கு ஒழுங்காகத்தானே இருக்கிறது? வலது பக்கம் எழுதினேன்: 'நெல் மூட்டைகளின் இருப்பு குறைந்திருக்கிறது.' தமிழில் 'இருப்பு' நேராக வினைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கிலீஷில் அதை முதலில் சொல்லிவிட்டு, ஆஃப் போட்டு மூட்டைகளைப் பின்னால் அடுக்கிவிடுகிறார்கள், நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் நிற்கும் மூட்டையோடு வினையைச் சேர்த்துவிடுகிறேன். ஹாஸ்தான் சரி. இப்போது ஆஃப் வந்தால் அங்கிருந்து வினை வரைக்கும் பென்சிலால் அடித்துவிட்டுப் படிக்கிறேன், பாதிக்கு மேல் பிடிபடுகிறது. பென்சில் ஏமாற்றும் இடமும் உண்டு: 'தி நம்பர் ஆஃப் பேக்ஸ்' என்றால் இஸ், 'எ நம்பர் ஆஃப் பேக்ஸ்' என்றால் ஆர். நெய்தர், நார் வந்தாலோ பக்கத்தில் நிற்பவனுக்கே மரியாதை, 'நெய்தர் தி ஏஜென்ட் நார் தி ஃபார்மர்ஸ் வேர்' என்று. குசும்பு பிடித்த மொழி.

எனக்கு ரொம்பப் பிடித்த தப்பு இது: 'வாக்கிங் அலாங் தி ரிவர், தி ரெயின் காட் மீ.' தமிழில் 'குடமுருட்டிக் கரையில் நடந்துபோகையில் மழை பிடித்துக்கொண்டது' என்றால் நடந்தது யார், பிடித்தது எது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இங்கிலீஷ் கேட்கிறது. கமா தாண்டி முதலில் நிற்பவர்தான் முன்னால் சொன்ன காரியத்தைச் செய்தவராம். அப்படியானால் நடந்தது மழை. "குடை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க மாமா" என்று அவள் சிரித்ததில் இது மறக்கவே இல்லை.

மற்றவை சின்னச் சின்னது. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ட்வென்டி இயர்ஸ்' என்று இத்தனை காலம் கூசாமல் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் '20 வருஷமா வேலை பார்க்கிறேன்' தமிழில் நிகழ்காலம். ஹேவ் பீன் வொர்க்கிங் என்று வர வேண்டும். 'டிஸ்கஸ் அபௌட்' நம்முடைய 'பற்றி' போய் ஒட்டிக்கொண்டது, வெறும் டிஸ்கஸ் போதும்.

மரபுத்தொடரில் தமிழ் சில சமயம் தூக்கிவிடுகிறது. வைட் எலிஃபன்ட் என்றதும் யானையைக் கட்டித் தீனி போடுவதுதான் ஞாபகம் வந்தது, சரியாகப் போய்விட்டது. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூனுக்கு அத்தி பூத்தாற்போல. அந்தத் தைரியத்தில் 'புல் சம்ஒன்ஸ் லெக்' வந்தபோது யோசிக்காமல் காலை வாரிவிடுவது, துரோகம் என்று போட்டேன். சும்மா கேலி செய்வதாம்! யாராவது சிரித்துக்கொண்டே என் காலை இழுத்திருந்தால் நான் ஜென்மப் பகை என்று நினைத்திருப்பேன்.

நேற்றைய கணக்கு 20க்கு 14. தப்பாய்ப் போன ஆறு கேள்வியில் நான்கு, எ, ஆன், தி விவகாரம். காவிரிக்கு முன்னால் தி போட வேண்டுமாம், கும்பகோணத்துக்குக் கூடாதாம். இதற்கு வலது பக்கம் என்ன எழுதுவது? தமிழில் அப்படி ஒன்று இருந்தால்தானே. நாலு வரியும் வெறுமனே கிடக்கிறது.