அத்தர் என்று காதில் விழுந்தது

2014 நவம்பரில் பாரிஸுக்கு வந்தேன். முதல் சில வாரங்களில் எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. குளிர்ந்த காற்றில் மணம் எழும்பாது. தெருவில் நடந்தால் ஈரக் கல்லின் வாடை, மெட்ரோ படியில் இறங்கினால் சூடேறிய ரப்பர் வாடை, அவ்வளவுதான். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்தியவரின் மகனுக்கு இது சின்னக் குறை இல்லை. எங்கள் வீட்டில் பூ வாடை இல்லாத நாளே கிடையாது. மல்லிகை, சம்பங்கி, செண்டுமல்லி எல்லாம் வரும். ஆனால் அப்பாவின் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது பன்னீர் ரோஜா உதிரிப்பூ. சாக்கு சாக்காக வந்து இறங்கும். அப்பாவின் வேட்டி, தராசுத் தட்டு, கல்லாவில் கிடக்கும் ரூபாய் நோட்டு எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நான் கொண்டுபோன நோட்டுப் புத்தகமும் ரோஜா வாசம்தான் அடித்தது.

காரைக்காலில் வாக்கப்பட்ட என் அத்தையின் வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அத்தை மகன் மூலமாக ஓர் உணவகத்தில் சமையல் வேலை கிடைத்தது. தங்கியது பெல்வில் பகுதியில், ஆறாவது மாடியில், கூரையை ஒட்டிய அறை. வீட்டு வேலைக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டியவை அந்த அறைகள். என்னுடையது 9 சதுர மீட்டர். படுக்கை போட்டால் நிற்க இடம் இருக்காது. ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் வானம் முழுசாகத் தெரியும் என்பதால் அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பூக்கடை வாசலில் வாளி நிறையச் சிவப்பு ரோஜா வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். குனிந்து முகர்ந்தேன். பச்சைத் தண்டின் வாடையும் வாளித் தண்ணீரின் வாடையும் வந்தன. பூவிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அடுத்த வாளியை முகர்ந்தேன். அதிலும் இல்லை. இங்கே குளிர்காலத்தில் விற்கும் ரோஜாவில் பெரும்பகுதி கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து வருவது. நிறைய ஹாலந்து ஏலக்கூடம் வழியாக வந்து சேர்கிறது. நீண்ட தண்டு வேண்டும், ஜாடியில் பத்து நாள் வாடாமல் நிற்க வேண்டும் என்று ரகம் ரகமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் மணம் எங்கோ விடுபட்டுப்போனது. எங்கள் ஊருக்கு வரும் ஓசூர் ரோஜாவும் அந்த ஜாதிதான், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே பக்கத்துச் சாக்கில் பன்னீர் ரோஜா இருக்கும். இங்கே பக்கத்தில் எதுவும் இல்லை. அன்று ஆறு மாடியும் ஏறி வந்து உட்கார்ந்தபோதுதான் ஊரை விட்டு வந்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

முடி வெட்டப் போனது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெல்வில் பகுதியில் துனீசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர் உண்டு. என் தெருக்கோடியில் கடை வைத்திருந்த பெரியவரும் துனிஸ் நகரத்துக்காரர், எழுபதை நெருங்கியவர். முடி வெட்டி, முகம் மழித்து, சூடான துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்து, என் கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்தினார். முதலில் ஜாதிபத்திரியும் ஏலக்காயும் போல ஒரு காரம். அது அடங்குவதற்குள் ரோஜா வந்தது. சோப்பில் வருகிற ரோஜாவும் இல்லை, ரோஸ் மில்க்கில் வருகிற ரோஜாவும் இல்லை. கனத்த, கறுத்த, கொஞ்சம் புளிப்பேறிய ரோஜா. நான் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

என்ன இது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். "அக்தேர்" என்றார். எனக்கு "அத்தர்" என்று காதில் விழுந்தது. "ஆமாம், அத்தர்! எங்கள் ஊரிலும் உண்டு" என்று உற்சாகமாகத் தலையாட்டினேன். அவரும் அரபியில் அத்தரை அறிந்தவர்தானே. சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். அஸாரோ நிறுவனத்தின் 'அக்தேர்'. நடிகர் என்று பொருள். 1989இல் ஆண்களுக்கென்றே வந்த வாசனைத் திரவியம். அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயருக்குரிய லோரிஸ் அஸாரோ 1933இல் துனிஸில், சிசிலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸுக்கு வந்து உடை வடிவமைப்பாளராகப் பெயர் பெற்றார், 2003இல் இறந்தார். "எங்கள் ஊர்ப் பிள்ளை" என்றார் பெரியவர். எங்கள் ஊர் என்று சொல்லும்போது அவர் குரலில் வந்த அந்த அழுத்தம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. அத்தையும் காரைக்காலைப் பற்றி அப்படித்தான் பேசுவார்.

அலமாரியில் அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பாத்திரம் இருந்தது. உருண்டை வயிறு, நீண்டு மெலிந்த கழுத்து, நுனியில் சல்லடைத் துளைகள். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வைத்திருக்கும் நம் பன்னீர்ச் செம்பேதான், அச்சு மாறவில்லை. அவர்கள் அதை 'ம்ரஷ்' என்கிறார்கள். விருந்தாளி வந்தால் அதில் பன்னீரோ ஆரஞ்சுப் பூ நீரோ நிரப்பித் தெளிப்பார்களாம். துனிஸை அடுத்த அரியானா என்ற ஊர் ரோஜாவுக்குப் பேர்போனது. கோடையில் அங்கே மல்லிகை மொட்டுகளைக் காய்ந்த புல் தண்டுகளின் நுனியில் கோத்து, நூல் சுற்றிக் கையடக்கச் செண்டாகக் கட்டுவார்கள். அதைக் காதோரம் செருகிக்கொண்டு ஆண்கள் மாலையில் காற்று வாங்கப் போவார்கள். பெரியவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். எங்கள் அப்பா மல்லிகையைக் கிலோக் கணக்கில் நிறுப்பவர் என்று நான் சொன்னதும் முடி வெட்டிய காசை வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அவரைத் 'தோந்தோன்' என்று கூப்பிட்டேன். பிரெஞ்சில் மாமா என்று பிள்ளைகள் கூப்பிடுகிற சொல்.

அடுத்த மாதச் சம்பளத்தில் அக்தேர் வாங்கப் போனேன். இரண்டு பெரிய கடைகளில் கேட்டேன். உற்பத்தி நின்றுவிட்டது என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்த பெண், ரோஜா வேண்டுமென்றால் பெண்கள் பகுதியில் பாருங்கள் என்று கைகாட்டினார். ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே உதவத்தான் பார்த்தார். எனக்குத்தான் விளங்கவில்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் கழுத்தில் கிடப்பது ரோஜா மாலை. ஊர்ப் பெரியவருக்குப் போடுவது ரோஜா மாலை. தாத்தாவைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனபோது வழிநெடுக உதிர்ந்து கிடந்ததும் அதே ரோஜாதான். அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை.

வேலை செய்யும் இடத்திலும் இது வந்தது. ஒரு நாள் தோந்தோனிடம் முகம் மழித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய்விட்டேன். காய்கறி நறுக்குகிற பையன் ஒருவன், உன் அக்காவின் பாட்டிலை எடுத்துவிட்டாயா என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். தலைமைச் சமையல்காரர் சிரிக்கவில்லை, என்னைத் தனியே அழைத்து, "நல்ல வாசனை. ஆனால் இங்கே சாறு தீய்கிறதா என்று மூக்குதான் சொல்ல வேண்டும். அடுப்படிக்கு வரும்போது வேண்டாம்" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து வேலை நாளில் எதுவும் பூசுவதில்லை. ஞாயிறும் திங்களும் மட்டும் என்று ஒரு முறை வந்தது. முதலில் கட்டுப்பாடாக ஆரம்பித்து, பிறகு அதுவே வாரத்துக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது. சனிக்கிழமை நள்ளிரவில் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டுப் படுக்கும்போதே நாளை ரோஜா என்ற நினைப்பு வரும்.

பாட்டில் கிடைத்தது மோந்த்ரேய் பழம்பொருள் சந்தையில். ஒரு கிழவி விரித்திருந்த துணியில், கரண்டிகளுக்கும் பழைய கண்ணாடிச் சட்டங்களுக்கும் நடுவே, பெட்டியில்லாமல், பாதிக்கு மேல் திரவத்தோடு நின்றுகொண்டிருந்தது. அவருடைய கணவருடையதாம். 20 யூரோ கொடுத்தேன். மணிக்கட்டில் அடித்ததும் நகப்பூச்சு போல ஒரு நெடி கிளம்பியது. பழைய பாட்டில்களில் மேலே நிற்கும் எலுமிச்சை வகை மணங்கள்தான் முதலில் கெடும். பயப்படாமல் பத்து நிமிடம் பொறுத்தால் அடியில் இருப்பது நலமாக எழுந்து வரும். வந்தது. காலையில் பூசினால் மதியம் வரை ரோஜா. அதன் பிறகு பச்சிலை, பாசி. இரவில் கோட்டைக் கழற்றும்போது காலரில் பழைய தோல் பையின் வாசம். வாயில் கரைகிற ஏலக்காய்போல மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டிலை வெளிச்சம் படாமல், சூட்டுக் குழாய்க்குத் தூரத்தில், துணி அலமாரியின் அடியில் ஒரு காலுறைக்குள் வைத்திருக்கிறேன்.

நின்றுபோன வாசனைகளுக்கென்றே இந்த நாட்டில் ஓர் இடம் இருப்பது பிறகு தெரியவந்தது. வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கிய ஒஸ்மோதெக். நம் ஊரில் சுவடிகளைக் காப்பதுபோல அங்கே மணங்களைக் காக்கிறார்கள்: 12 டிகிரி குளிர்ச்சியில், காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்க ஆர்கான் வாயு நிரப்பி, இருட்டில். பொதுமக்களுக்கு நடத்தும் ஓர் அமர்வுக்கு டிக்கெட் வாங்கிப் போனேன். காகிதப் பட்டையைத் தோய்த்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். பிரான்சுவா கோத்தி 1904இல் செய்த 'லா ரோஸ் ஜாக்மினோ' என் கையில் வந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ரோஜாவை முகர்ந்துகொண்டு, பேச்சில் பாதி புரியாமல், கண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும் என்பதும், பன்னீருக்கு மணம் தரும் பொருள் நீரில் கரைவதால் காய்ச்சி வடிக்கும்போது பெரும்பகுதி எண்ணெயில் தங்காமல் நீரோடு போய்விடுகிறது என்பதும் அந்தத் தேடலில் தெரிந்துகொண்டவை. ரோஜா எண்ணெயும் பன்னீரும் ஏன் வேறு வேறாக மணக்கின்றன என்ற என் சிறுவயதுக் கேள்விக்கு இத்தனை தூரம் வந்து பதில் கிடைத்தது.

அக்தேர் ஏன் நின்றது என்று கடைக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தாலும் அதே முகத்தோடு வராது என்பது மட்டும் உறுதி. பழைய ஆண் வாசனைகளுக்கு அடித்தளம் போட்ட ஓக் மரப் பாசியில் தோல் ஒவ்வாமை உண்டாக்கும் இரண்டு பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது. அவற்றை நீக்கிய பாசியைத்தான் இனிச் சேர்க்க முடியும். தோல் புண்ணாகிறவர்களுக்காகச் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழப்பு இழப்புதான்.

2019 ஆகஸ்டில் அப்பா வந்தார். விமானம் ஏற மாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டார். வந்த மூன்றாம் நாள் லா ஷாப்பேல் மாணிக்க விநாயகர் கோயில் தேர். 1985இல் தொடங்கிய கோயில் அது. கோடை முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் ஓடும். நான் குளித்துவிட்டு காலுறையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து விபூதி பூசிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து, கடையில் ஒரு கைப்பிடி பூவை அள்ளி முகர்வாரே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"இது காலைப் பூ இல்லை, தம்பி" என்றார். "மத்தியானம் தாண்டியும் விலை போகாமல் சாக்கின் அடியில் கிடந்த பூ. மேலே சூடு, கீழே சணல் வாடை. கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்குமே, அது."

பாசி, தோல், பச்சிலை என்று நான் ஐந்து வருடமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் சாக்கு என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார். முடி திருத்தும் நாற்காலியில் நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, விற்காத பூவை அடிச்சாக்கிலிருந்து கொட்டி ஈரத்துணியில் பரப்புவது என் வேலை.

நானும் பூசட்டுமா என்று அவர் கேட்கவில்லை. சட்டையின் முதல் பித்தானைக் கழற்றிவிட்டு நின்றார். இரண்டு தடவை அடித்தேன். ஃபோபூர் சேன்-தெனி தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக வடம் பிடித்தோம். தேங்காய் உடைத்த தண்ணீரும் கற்பூரமும் மணந்த அந்தத் தெருவில், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நடந்துபோனபோது கண்ணை மூடிக்கொண்டால் கடை வாசல்தான்.

அதற்கு அடுத்த வருடம் தோந்தோன் கடையை மூடிவிட்டுத் துனிஸுக்கே போய்விட்டார். போகும்போது ம்ரஷ்ஷைத் தன்னோடு எடுத்துக்கொண்டார். தன் பாட்டிலில் மீதி இருந்ததை எனக்குக் கொடுத்தார். ஒரு விரற்கடை இருக்கும்.

அப்பா ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரம் அம்மா போனில் பேசினார். தேருக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை இன்னும் துவைக்கப் போடாமல் பீரோவில் மடித்து வைத்திருக்கிறாராம். "என்னடா தடவி அனுப்பினாய், பீரோவைத் திறந்தால் பழைய கடை வாடை அடிக்கிறது" என்றார்.