சாம் பெக்கின்பாவும் லூக்கா பதினெட்டும்

குலசேகரத்துக்கு மேலே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்குக் கௌபாய்களின் உலகம் திரைப்படமாக வருவதற்கு முன்பே சிவகாசியில் அச்சான காமிக்ஸ் புத்தகங்களாக வந்து சேர்ந்துவிட்டது. டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் குதிரையில் கடக்கும் அந்த வறண்ட நிலத்தை, வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் எங்கள் ஊரில் இருந்துகொண்டு கற்பனை செய்வது எளிதாக இல்லை. திருநெல்வேலிக்குப் போகும் பேருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது பச்சை சட்டென்று தீர்ந்துபோய், மொட்டைப் பாறைகளும் உடைமரங்களும் ஓயாத காற்றும் தொடங்கும் அல்லவா, அந்த இடத்தைத்தான் நான் டெக்சாஸ் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். இன்றைக்கும் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிப் போகும்போது அந்த நினைப்பு முழுவதுமாக விலகுவதில்லை.

பிற்காலத்தில் வெஸ்டர்ன் என்று சொல்லப்படும் கௌபாய் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியபோது ஜான் ஃபோர்டை மதித்தேன், செர்ஜியோ லியோனியை ரசித்தேன். ஆனால் திரும்பத் திரும்பப் போய் நின்றது அமெரிக்க இயக்குநர் சாம் பெக்கின்பாவின் படங்களிடம்தான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: இரத்தம் பீறிட்டு மனிதர்கள் மெதுவாகச் சரியும் துப்பாக்கிச் சண்டைகள், அவற்றை எடுத்தவரின் குடி. இரண்டும் உண்மைதான். இருந்தாலும் அவருடைய நல்ல படங்கள் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றே என்றும், அது எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நான் சிறு வயதிலேயே கேட்ட கேள்வி என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பெக்கின்பா 1925 பிப்ரவரி 21 அன்று கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பிறந்தார். வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் நிறைந்த குடும்பம் அது. தாய்வழித் தாத்தா டென்வர் சர்ச் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்; மலையடிவாரத்தில் அவருக்கு இருந்த மாட்டுப் பண்ணையில் வேலை செய்தும் வேட்டையாடியும் பேரன் வளர்ந்தார். பழைய மேற்கின் கடைசித் தலைமுறை மனிதர்களை அவர் பார்த்தது அங்கேதான். 1943இல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் ஜப்பானியப் படைவீரர்களின் ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் பணிக்காகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து நாடகம் படித்து, இயக்குநர் டான் சீகலிடம் உதவியாளராகி, தொலைக்காட்சிக்கு வெஸ்டர்ன் கதைகள் எழுதினார். 1960இல் அவர் உருவாக்கிய 'த வெஸ்டர்னர்' என்ற தொடர் 13 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. முதல் படத்தில் கதையை மாற்றவும் அவருக்கு உரிமை இல்லை. அதைத் தாண்டிப் போய்விடலாம்.

இரண்டாவது படமான 'ரைட் த ஹை கன்ட்ரி' 1962இல் வந்தது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

ஜோயல் மெக்ரியா நடித்த ஸ்டீவ் ஜட் என்ற முதியவர் ஒரு காலத்தில் பேர்பெற்ற காவல் அதிகாரி. படம் தொடங்கும்போது அவர் ஒரு ஊருக்குள் குதிரையில் வருகிறார். தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் கூச்சலிடுகிறார்கள். தன்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று எண்ணித் தொப்பியைத் தொட்டு வணங்குகிறார். உண்மையில் ஒட்டகத்துக்கும் குதிரைகளுக்கும் நடக்கும் பந்தயத்தைப் பார்க்க நிற்கும் கூட்டம் அது; வழியை விட்டு விலகு கிழவா என்று ஒரு போலீஸ்காரர் அவரை விரட்டுகிறார். சுரங்கத்திலிருந்து தங்கத்தை வங்கிக்குக் கொண்டு வரும் வேலைக்காக அவர் வந்திருக்கிறார். ஒப்பந்தத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போடுவதை வங்கிக்காரர்கள் பார்த்தால் வேலை போய்விடும். ஆகவே தனியாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார்.

ஓய்வு பெற்றுப் பல வருடங்களான அப்பாவோடு இந்தப் படத்தை ஒரு மழைநாளில் டிவிடியில் பார்த்தேன். அப்பா ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். காலையில் தொழிலாளர்கள் கொண்டு வரும் பாலையும் ஒட்டுப்பாலையும் நிறுத்து, ஆளுக்கு ஆள் எடை எழுதி வைப்பது அவர் பொறுப்பு. கழிவறைக் காட்சியில் அவர் சிரிக்கவில்லை. கண் மங்கத் தொடங்கிய கடைசி ஒன்றிரண்டு வருடங்களில் தராசு முள்ளைப் படிக்க அவரும் இப்படித் தந்திரங்கள் செய்ததாக அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஜட்டோடு வரும் பழைய நண்பர் கில் வெஸ்ட்ரம், தங்கத்தைத் திருடிக்கொண்டு போகும் எண்ணத்தோடுதான் வருகிறார். நடித்தவர் ராண்டால்ஃப் ஸ்காட். அதன் பிறகு அவர் திரையில் தோன்றவில்லை. இத்தனை காலம் நாணயமாக உழைத்து என்ன கண்டோம் என்று கில் சுற்றி வளைத்துத் தூண்டிலைப் போட, ஜட் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்கிறார். அப்பாவுக்காக நான் அதைத் தமிழில் சொன்னேன்: "நீதிமானாக என் வீட்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "லே மக்கா, இது லூக்கா பதினெட்டுல்லா!" என்றார்.

அதற்கு முன் எத்தனை முறை அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. வேதத்தில் லூக்கா சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில், தன்னை நீதிமான் என்று நம்பும் பரிசேயனும், பாவி என்று ஒதுக்கப்பட்ட வரி வசூலிப்பவனான ஆயக்காரனும் ஜெபம் பண்ண ஆலயத்துக்குப் போன உவமையின் முடிவு அது: "இவனே நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்." ஜட் சொன்னது பெக்கின்பாவின் தந்தை தன் வாழ்நாளில் சொல்லி வந்த வாக்கியம். பிறர் எழுதிய திரைக்கதையைப் பெயர் போட்டுக்கொள்ளாமலே திருத்தி எழுதிய மகன், தந்தை இறந்து இரண்டு வருடங்களுக்குள் அதை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தார். இதில் நான் வியப்பது வேறொன்று. வேதத்தில் நீதிமானாகத் திரும்பியவன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்த பரிசேயன் இல்லை; தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன். அப்படிப் பார்த்தால் இந்தப் படத்தின் ஆயக்காரன், திருட வந்து, பிடிபட்டு, ஓடிப்போய், கடைசிச் சண்டைக்குத் தானாகத் திரும்பி வரும் கில்தான். குண்டடிபட்டுக் கிடக்கும் ஜட்டிடம், நீ இருந்தால் எப்படிச் செய்வாயோ அப்படியே எல்லாவற்றையும் முடிக்கிறேன் என்று கில் வாக்களிக்கிறார். அது எனக்கு எப்போதும் தெரியும், நீதான் கொஞ்ச நாள் மறந்துவிட்டாய் என்று ஜட் சொல்கிறார். பிறகு ஒருமுறை மலைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டகத்துக்குக் கீழே சரிகிறார்.

எம்ஜிஎம் நிறுவனம் இதை, ஒரே சீட்டில் இரண்டு படம் காட்டும் இரட்டைக் காட்சியில் துணைப் படமாக வெளியிட்டது. ஐரோப்பிய விமர்சகர்கள் கொண்டாடிய பிறகுதான் அமெரிக்கா திரும்பிப் பார்த்தது.

அடுத்த படத்திலிருந்து சண்டைகள் ஆரம்பித்தன. 'மேஜர் டண்டி' (1965) படப்பிடிப்பில் பெக்கின்பாவின் குடியும் கோபமும் எல்லை மீறின. பொறுமையிழந்த நாயக நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் குதிரையில் இருந்தபடியே வாளை உருவிக்கொண்டு அவர்மேல் பாய்ந்திருக்கிறார். அதே ஹெஸ்டன்தான், கொலம்பியா நிறுவனம் இயக்குநரை நீக்க நினைத்தபோது, தன் சம்பளத்தையே திருப்பித் தருவதாகச் சொல்லி அவரைக் காப்பாற்றினார். நிறுவனம் கூச்சமில்லாமல் அதை வாங்கியும் கொண்டது. படம் அவர் கையை மீறி வெட்டப்பட்டது. அடுத்து 'த சின்சினாட்டி கிட்' படத்திலிருந்து சில நாட்களிலேயே நீக்கப்பட்டார். ஒரு தொலைக்காட்சிப் படம் அவருடைய பெயரை மீட்டுத் தரும்வரை ஹாலிவுட்டில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. ஸ்டுடியோக்கள் ஒரு மேதையை அழித்தன என்று அவருடைய ரசிகர்கள் சொல்வது பாதி உண்மை என்றே நினைக்கிறேன். மீதிப் பாதியை அவரே செய்துகொண்டார்.

'த வைல்ட் பன்ச்' (1969) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1913இல், மெக்சிகோ எல்லையில், வயதாகிவிட்ட ஒரு கொள்ளைக் கும்பல். மோட்டார் காரும் இயந்திரத் துப்பாக்கியும் வந்துவிட்ட உலகத்தில் அவர்களுக்கு இடமில்லை. வெவ்வேறு வேகங்களில் ஓடிய பல கேமராக்களின் காட்சிகளைப் படத்தொகுப்பாளர் லூ லொம்பார்டோ துணுக்குத் துணுக்காகக் கோத்தார். மெதுவாக விழும் உடலை ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1954லேயே காட்டியிருந்தார்; அந்த மெதுவை வேகத்தின் நடுவில் செருகி, ஒரு மனிதன் விழுந்து முடிப்பதற்குள் இன்னும் மூன்று பேருக்கு என்ன ஆனது என்று காட்டியதுதான் பெக்கின்பாவின் கைவேலை.

நான் கவனிக்கச் சொல்வது தொடக்கத்தை. குழந்தைகள் தேள்களை எறும்புக் கூட்டத்தில் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு கூடாரத்தில் மதுவிலக்குச் சங்கத்தாருக்கு உபதேசம் நடக்கிறது. "முடிவிலே அது பாம்பைப்போல் கடிக்கும், விரியனைப்போல் தீண்டும்" என்று நீதிமொழிகளை வாசித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போகும் அந்த ஜனங்கள்தான் துப்பாக்கிச் சூட்டின் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் அந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதைப் படமாக்கியவர் எந்த நிலையில் அதைப் படமாக்கினார் என்பதை நினைத்தால், வெறும் கேலியாக அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் நடுவில், தங்களைத் துரத்தும் பழைய தோழனைப் பற்றி ஒரு வாக்குவாதம் வருகிறது. அவன் ரயில்வேக்கு வாக்குக் கொடுத்துவிட்டான், என்ன செய்வான் என்கிறார் தலைவர் பைக். வாக்கு முக்கியமில்லை, யாருக்குக் கொடுத்தாய் என்பதுதான் முக்கியம் என்று கத்துகிறார் கும்பலில் இன்னொருவரான டச். கடைசியில், பிடிபட்ட தோழன் ஒருவனுக்காக நால்வர் மட்டும் ஒரு படைக்கு எதிராக நடந்து போவது அந்த வாக்குவாதத்துக்கான பதில்தான். வெளியான சில வாரங்களிலேயே, இயக்குநரைக் கேட்காமல், ஏறத்தாழ 10 நிமிடங்களை வெட்டினார்கள். போனவற்றில் பைக்கின் பழைய குற்றங்களைச் சொல்லும் நினைவுக் காட்சிகளும் இருந்தன. சுட்டது அப்படியே இருந்தது, எதற்காகச் சுட்டார்கள் என்பது போய்விட்டது.

பிறகு வந்தவற்றில் 'த பாலட் ஆஃப் கேபிள் ஹோக்' (1970) பாலைவனத்தில் தண்ணீர் கண்ட ஒருவனின் மென்மையான கதை. 'ஜூனியர் பானர்' (1972) ஒரு தோட்டாவும் பாயாத குடும்பக் கதை. இரண்டையும் பார்க்க ஆள் வரவில்லை. 'ஸ்ட்ரா டாக்ஸ்' (1971) படத்தில் அந்தப் பெண் சீரழிக்கப்படும் காட்சியை எடுத்த விதத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அவர் உலகத்தில் ஆண்களின் வாக்குக்கு இருந்த மதிப்பு பெண்களின் வார்த்தைக்கு இருந்ததில்லை.

'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்' (1973) அவருடைய கடைசி வெஸ்டர்ன். மெக்சிகோவின் துராங்கோவில் காய்ச்சலும் பழுதான கேமராவும் சேர்ந்து வதைக்க, எம்ஜிஎம் அவசரப்படுத்த, மறுபடியும் படத்தைப் பறித்து 106 நிமிடங்களாக்கினார்கள். 122 நிமிட வடிவம் வெளியே வர அவர் இறந்து நான்கு வருடங்கள் ஆயின. அதில் ஸ்லிம் பிக்கன்ஸ் நடித்த ஷெரீஃப் பேக்கர், கடலே இல்லாத நாட்டில், இந்த ஊரை விட்டே மிதந்து போய்விடுவதற்காக ஒரு படகு கட்டிக்கொண்டிருப்பார். வயிற்றில் குண்டு வாங்கி ஆற்றங்கரையில் போய் அவர் உட்கார, கொஞ்சம் தள்ளி மண்டியிட்டு அவர் மனைவி அழுகையும் சிரிப்புமாகப் பார்க்க, பாப் டிலனின் பாட்டு பின்னால் எழும். மூன்று பக்கமும் கடல் தெரியும் ஊருக்கு அருகில் இருக்கும் எனக்கு, வெள்ளமில்லாத இடத்தில் கட்டி முடிக்காமல் கிடக்கும் அந்தப் படகு எப்போதும் தொந்தரவு தருகிறது.

அதே படத்தில் சவப்பெட்டி செய்யும் தச்சனாகப் பெக்கின்பாவே வருகிறார். நண்பனைக் கொல்லப் போகும் காரெட் மது நீட்ட, தச்சன் வேண்டாம் என்கிறார். போய் முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுகிறார். திரைக்கு வெளியே அவர் மதுவை மறுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

வெட்டுப்படாமல் வந்தது 1974இல் எடுத்த 'ப்ரிங் மீ த ஹெட் ஆஃப் ஆல்ஃப்ரெடோ கார்சியா' ஒன்றுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு மதுவோடு கோக்கைனும் சேர்ந்தது. வசூலில் உச்சம் தொட்ட 'கான்வாய்' (1978) லாரிகள் ஓடும் வெறும் படம். 1979இல் மாரடைப்பு. வேலை தர யாருமில்லாதபோது, முதலில் கைதூக்கிவிட்ட டான் சீகலே மறுபடியும் கூப்பிட்டுத் தன் படத்தின் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவில் சில நாள் வேலை கொடுத்தார். 1983இல் ஒரு படம், அதற்குப் பிறகு பாடகர் ஜூலியன் லெனனுக்காக இரண்டு பாட்டுக் காணொளிகள். 1984 டிசம்பர் 28 அன்று, 59 வயதில் இதயம் நின்றுபோனது.

இதையெல்லாம் அன்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "அந்த ஆளு வீட்டுக்குப் போனானா மக்கா?"

கடைசி வருடங்களில் மொன்டானாவில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் ஒரு ஹோட்டல் அறையில்தான் அதிகமும் இருந்தார் என்றேன்.

"ஹோட்டல்லயா?" என்றார் அப்பா. மழை விட்டிருந்தது. சற்று நேரம் கழித்து, அந்தக் கிழவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படிக்கும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.